எஸ்குலென்டா

ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். குச்சியை வெட்டி நட்டால் கிழங்கு இறங்கும். நடுகிறவர் வைத்த பெயர் அது. தாவரவியலில் அதற்கு மானிஹாட் எஸ்குலென்டா என்று பெயர். 1766இல் கிரான்ட்ஸ் என்ற தாவரவியலாளர் சூட்டியது. முன்பாதி தென்னமெரிக்கப் பழங்குடிகளின் சொல், பின்பாதி லத்தீன்.

அந்தப் பின்பாதிமேல் எனக்குத் தீராத பிரியம். லத்தீனில் 'எடெரே' என்றால் உண்ணுதல். அதிலிருந்து வந்தது 'எஸ்கா', உணவு. தூண்டிலில் கோக்கும் இரைக்கும் அதே சொல்தான். அதிலிருந்து 'எஸ்குலென்டஸ்', உண்ணத் தக்கது. பேரினப் பெயரின் பாலுக்கேற்ப விகுதி மாறும்: வெண்டைக்கு எஸ்குலென்டஸ், சேப்பங்கிழங்குக்கு எஸ்குலென்டா. நம் அடுக்களையில் மட்டும் மூன்று பேருக்கு இந்தப் பட்டம்!

ஆனால் உண்ணத் தக்கது என்றால் அப்படியே கடிக்கத் தக்கது என்றில்லை. பச்சைச் சேம்பு நாக்கை அரிக்கும். பச்சை மரவள்ளியில் சயனைடைக் கக்கும் லினமரின் இருக்கிறது. உரித்து, வேகவைத்து, வடித்த கைகள்தான் அந்த லத்தீன் சொல்லை மெய்யாக்கின. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு மாவெடுக்கும்போதும் நஞ்சில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது.

குச்சிக்கிழங்கு வாங்கினால் தோலை உள்தோலோடு உரித்துவிடுங்கள். நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.