தாஹா ஹுஸைனின் ‘நாள்கள்’: நாம் படிக்க மறந்த பக்கங்கள்

நம் சமுதாய மேடைகளில் டாக்டர் தாஹா ஹுஸைன் அவர்களின் பெயர் எடுக்கப்படும்போதெல்லாம் அவர் வரலாறு ஒரே வார்ப்பில் வந்து விழுகிறது. கண்ணொளி இழந்த கிராமத்துச் சிறுவன், திருக்குர்ஆனை மனனம் செய்தான், அல்அஸ்ஹரில் ஓதினான், பாரிஸ் சென்று பட்டம் பெற்றான், 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சராகவே ஆனான். இறைவன் நாடினால் ஆகாதது எது என்று வினவிவிட்டுப் பேச்சாளர் அமர்ந்துவிடுகிறார். கேட்டிருந்த பெற்றோர் பெருமூச்செறிந்து வீடு திரும்புகின்றனர். அவர்கள் வீட்டு உள்ளறையில், இருபது வயது கடந்தும் உம்மாவின் கையால் உண்டு உறங்கும் பிள்ளைக்கு அச்சொற்பொழிவால் விளைந்த பயன் யாது?

அவர் எழுதிய ‘அல்அய்யாம்’, அதாவது ‘நாள்கள்’, அற்புதக் கதையன்று. 1926, 27ஆம் ஆண்டுகளில் ‘அல்ஹிலால்’ இதழில் தொடராக வந்து, 1929இல் நூலாகி, பின்னர் மேலும் இரு பாகங்களாக வளர்ந்த தன்வரலாறு இது. (1926இல் அறியாமைக் கால அரபுக் கவிதைகளைப் பற்றி அவர் எழுதியதும், அதனால் எழுந்த புயலும் வேறு வழக்கு. அம்முடிவுகளை நாமும் ஏற்பவர் அல்லோம். அதற்காக இந்நூலை ஒதுக்குவதையும் ஏற்பவர் அல்லோம்.) தம்மை ‘நான்’ என்று சொல்லாமல், ‘அச்சிறுவன்’, ‘நம் நண்பன்’ என்றே ஆசிரியர் குறிப்பிடுகிறார். தம் மீது தாமே இரங்கிவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை அந்நடையில் தெரிகிறது.

நூலின் தொடக்கத்தில் ஒரு வேலி வருகிறது. வீட்டருகே தட்டைகளால் நெருக்கி நட்ட வேலி. முயல்கள் அதனைத் தாண்டியும் நுழைந்தும் போகின்றன, சிறுவனால் முடியவில்லை. நாட்டு மருத்துவம் பார்த்த நாவிதனின் கையால் கண் போன கதையை ஆசிரியர் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறார். அவர் விரித்துரைப்பது வீட்டாரின் அன்பை. பதின்மூன்று மக்களில் ஒருவன் அவன். உடன்பிறந்தார்க்கு அனுமதிக்கப்பட்டவை பல அவனுக்கு மட்டும் விலக்கப்பட்டன. தாயிடம் பரிவு இருந்தது. அப்பரிவோடு கலந்து ஓர் அசட்டையும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதை இத்துணை நேர்மையாகச் சொன்ன தன்வரலாறுகள் அரியன.

உணவு வேளைக் காட்சியை நாம் பன்முறை படித்திருக்கிறோம். குடும்பத்தோடு ஒரே பாத்திரத்தில் உண்ணும்போது, சிறுவனுக்கு ஒரு விந்தையான எண்ணம் தோன்றுகிறது. வழக்கம்போல் ஒரு கையால் எடுக்காமல் இரு கைகளாலும் கவளத்தை எடுத்தால் என்ன? எடுக்கிறான். உடன்பிறந்தார் சிரிக்கின்றனர். தாய் அழுகிறாள். தந்தையார் கடிந்துகொள்ளவில்லை, அப்படி எடுக்கக் கூடாது மகனே என்று துயரம் தோய்ந்த குரலில் சொல்கிறார். அவ்வளவே. அன்றுமுதல் அவன் கஞ்சியையும் சோற்றையும் கரண்டியால் உண்ணும் யாவற்றையும் தனக்குத் தானே விலக்கிக்கொள்கிறான். தனியறையில் உண்ணத் தொடங்குகிறான். நிலவறையில் தனித்து உண்ட கவி அபுல் அலா அல்மஅர்ரீயின் உள்ளம் தனக்குப் புரிந்தது என்று பின்னாளில் எழுதுகிறான்.

இங்கே கொடியவர் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிரித்தவர் சிறுவர், அழுதவள் தாய், தந்தையோ மென்மையானவர். ஆனால் மறுநாள் ஒருவரேனும் அவன் அருகில் அமர்ந்து, கரண்டியை இப்படிப் பிடி, பாத்திரத்தின் விளிம்பு இங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டியதாக நூலில் நாம் காணவில்லை. அழுவதற்கு ஆள் இருந்தது. பழக்குவதற்கு ஆள் இல்லை.

நம் நிக்காஹ் வீடுகளில் சஹனைச் சுற்றி உறவினர் அமரும்போது, கை நடுங்கும் பிள்ளைக்கும் வாய் கோணிய பிள்ளைக்கும் உள்ளே தனித்தட்டு போவதை நாம் கண்டிருக்கிறோம். அவன் சங்கடப்படுவானே என்பார்கள். சங்கடப்படுபவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தங்கைக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் கண்ணில் படாதிருக்க, அவனை மாமி வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் உண்டு.

இரண்டாம் பாகத்தில் காட்சி கெய்ரோவுக்கு மாறுகிறது. 1902இல் அல்அஸ்ஹரில் ஓதும் அண்ணனோடு சென்று தங்குகிறான். தெருவை அவன் அறியும் வகையே தனி: ஒரு பக்கம் ஹூக்காவின் குமிழொலி, கன்னத்தில் படும் வெம்மை, மூக்கைத் தொடும் புகை. இவையே அவனுக்கு வழிகாட்டும் கற்கள். ஆயினும் மாலை வந்தால் அண்ணன் உணவை வைத்துவிட்டு நண்பர் அறைக்குச் சென்றுவிடுகிறான். தேநீர் கொதிக்கும் ஒலியும் சிரிப்பும் இவன் செவிக்கு எட்டுகின்றன. தனக்கும் தேநீர் வேண்டும் என்று கேட்க நாணி, பாயின் மூலையில் அமர்ந்திருக்கிறான். இந்நிலை எவ்வாறு மாறிற்று? அற்புதத்தால் அன்று. சிறிய தாயாரின் மகன் ஓத வந்து அவ்வறையில் உடன் தங்குகிறான். பாடத்துக்கும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு துணை வாய்த்தது. அவ்வளவில் அவன் உலகம் திறந்துகொண்டது.

இதனை நாம் அரபு நாட்டு நூலிலிருந்து கற்க வேண்டியதே இல்லை. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு ‘அபஸ’ என்னும் 80ஆம் அத்தியாயம் அருளப்பட்டதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவை அவர் பொறுப்பில் விட்டுச் சென்றதும் வரலாறு. ஸஹீஹுல் புகாரியில் உள்ள சிறு குறிப்பு ஒன்று அதனினும் உற்று நோக்கத்தக்கது. வைகறைப் பாங்கு சொல்லும் பொறுப்பு அவருடையது. விடிந்துவிட்டது என்று பிறர் தெரிவித்த பின்னரே அவர் பாங்கு சொல்வார். பதவி அவருக்கு, விடியலைப் பார்த்துச் சொல்வது அருகிலிருப்பவர் கடமை. அவருக்குக் கண் இல்லை என்பதற்காக அப்பணியை வேறொருவருக்கு மாற்றிவிடவில்லை. அவரும், பிறர் சொல்லித்தானே அறிகிறோம் என்று நாணி ஒதுங்கிவிடவில்லை.

மூன்றாம் பாகத்திலும் இதே நெறியைத்தான் காண்கிறோம். பிரான்சு செல்ல அவர் விடுத்த விண்ணப்பம் முதலில் மறுக்கப்பட்டது. பார்வையின்மையும் ஒரு காரணமாயிற்று. 1914இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் மஅர்ரீயைப் பற்றி ஆய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற பின்னரே வழி பிறந்தது. அங்கே நூல்களைப் படித்துக் காட்டியவர், 1917இல் அவரை மணந்த ஸூஸான் அம்மையார். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. அதற்கு விண்ணப்பத்தை நிரப்பித் தரவும், தேர்வில் சொல்லச் சொல்ல எழுதித் தரவும் ஒரு மஹல்லாவில் எத்தனை இளைஞர் முன்வருவர்? ரமலானில் அரிசி மூட்டையை வாசலில் வைத்துப் போவது எளிது.

நூலின் மீது நமக்கு ஒரு குறையும் உண்டு. சிறுவனுக்கு ஓதிக் கொடுத்த ஆசானை, ‘ஸய்யிதுனா’ என்று அழைக்கப்பட்டவரை, ஆசிரியர் நகைப்புக்குரியவராகவே வரைந்துவிட்டார். ஒரு கண்ணில் மங்கலான ஒளிக்கீற்று ஒன்றைத் தவிர அவரும் பார்வையற்றவரே. இரு மாணவர் தோள்களில் கைகளை ஊன்றி, பாடிக்கொண்டே அவர் தெருவில் நடந்து வருவதை எள்ளி எழுதும் கை, பின்னாளில் தானும் ஒருவர் தோளைப் பற்றி நடந்த கையல்லவா? பேராசையும் பொய்யும் ஆசானிடம் இருந்திருக்கலாம், அவற்றைச் சாடட்டும். ஆனால் அம்மனிதர் ஊராரிடம் கையேந்தாமல், ஒரு மக்தபை நடத்திக் குடும்பத்தைக் காத்தவர். அமைச்சராகாத பல்லாயிரவர்க்கு அவர் வாழ்க்கையே அண்மையான முன்மாதிரி. அதனை நின்று நோக்க ஆசிரியருக்குப் பொறுமை இல்லாமற் போயிற்று.

முதற் பாகத்தை 1932இல் பாக்ஸ்டனும், இரண்டாவதை 1943இல் வேமெண்டும், மூன்றாவதை 1976இல் கென்னத் கிராக்கும் ஆங்கிலத்தில் தந்துள்ளனர். ஒரு பாகமே கைக்குக் கிட்டுமாயின், நாம் இரண்டாம் பாகத்தையே பரிந்துரைப்போம். அத்தேநீர் அறையும், வந்து சேர்ந்த சிறிய தாயார் மகனும் அதில்தான் இருக்கின்றனர்.