கலையரங்கும் காணி விலையும்

கலையரங்கு ஒன்று எழுந்தால் ஊர் உயரும் என்பர் நம்மவர். ஊர் உயர்வதற்கு முன்பே காணி விலை உயர்ந்துவிடுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நியூயோர்க் நகரின் சோஹோப் பகுதியில் ஆலைகள் வெறுமையாகிக் கிடந்த 1960களில், ஏழை ஓவியர் குறைந்த வாடகைக்கு அங்கு குடியேறினர். 1971இல் நகராட்சி அதற்கு அனுமதியளித்தது. ஓவியக்கூடங்கள் பெருகின, அவற்றை நாடிச் செல்வர் வந்தனர், வாடகை ஏறிற்று. ஈற்றில், அத்தெருக்களுக்குப் பெயர் தேடித் தந்த ஓவியருள் பலர் அங்கு குடியிருக்க இயலாதவராயினர். சமூகவியலாளர் ஷரன் சூக்கின் 1982இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதன் காரணம் எளியது. மேடையை நடிகன் நிறைக்கிறான். வீதியையும் விளக்கையும் வரிப்பணம் தருகிறது. அயற்காணிக்காரனோ ஒரு கல்லும் எடுத்து வைப்பதில்லை. ஆயினும் காணியைப் புதிதாக உற்பத்தி செய்ய இயலாதாகையால், அயலில் விளையும் நன்மையெல்லாம் அவன் காணியின் விலையாகிவிடுகிறது.

கொழும்பில் தாமரைத் தடாக அரங்கு 2011இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் கொம்பனித்தெருவில் எளியோரின் வீடுகள் இடிக்கப்பட்டன. அரங்கிற்காக அவை இடிபடவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நகரை அழகுபடுத்தல் என்ற பேச்சின் காலத்திலேயே இரண்டும் நிகழ்ந்தன.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய நம் ஊர்களில் இவ்வினா வேறு முகம் கொள்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே குடியிருப்புக்கு எஞ்சியது ஒடுங்கிய நிலம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரத்தில் வீடு கட்டுவதற்கு விதிக்கப்பட்ட தடை அதனை மேலும் ஒடுக்கிற்று. நமது வழக்கிலோ மணமகன் பெண் வீட்டிலேயே குடிபுகுகிறான். மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடன். மூன்று பெண்மக்களைப் பெற்ற மருதமுனைக் கைத்தறி நெசவாளிக்கு ஒரு பேர்ச் காணியின் விலையேற்றம் ஒரு மகளின் கலியாணத்தைத் தள்ளிப்போடும் செய்தியாகும். நம் கதாசிரியர் சீதனத்தை எழுதும்போது மாப்பிள்ளையின் பேராசையையே பெரிதும் காண்கின்றனர்; காணி விலையைக் காண்பது அரிது. இதனை நாம் சிறு குறையாகக் கருதவில்லை.

அப்படியானால் அரங்கு வேண்டாமா? வேண்டும். நாடகம் கொழும்பாரின் தனியுடைமையன்று. ஆனால் அரங்கு கேட்டு நாம் கையொப்பமிடும் மனுவில், அதனை எந்தப் பொதுக்காணியில் அமைப்பது, சூழவுள்ள தனியார் காணிகளின் விலையேற்றத்தில் எவ்வளவு ஆதன வரியாக மாநகர சபைக்குத் திரும்புவது, அப்பணத்தில் வீடற்றோருக்கு எத்தனை வீடுகள் என்பனவும் எழுதப்படவேண்டும்.