'பேர்மனன்ற்லி' என்னும் வினையடை

வினைக்கு அடையாக வருஞ் சொல் அவ்வினையின் தன்மையை விளக்கி அமைவதே இயல்பு. ஆயின் மலைநாட்டுத் தமிழர் வரலாற்றிலே ஆங்கில வினையடை ஒன்று வினையையே விழுங்கிற்று. 'பேர்மனன்ற்லி' என்பதே அச்சொல்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவினின்று பெயர்ந்து இலங்கையிலே 'பேர்மனன்ற்லி' குடியமர்ந்தாரையும் அவர் வழித்தோன்றல்களையும் நோக்கி எழுந்தது. குடியமர்ந்தமை நிகழ்ந்து முடிந்த வினை. தோட்டத்துச் செக்றோலும் லயக்காம்பிராவும் அதற்குச் சான்று கூறும். அதன் அடையோ, இறுதிவரை தங்குதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிற் பிறந்தது. நிகழ்ந்ததற்குச் சான்று காட்டலாம். இறுதிவரை நிகழவிருப்பதற்கு யார் சான்று காட்டவல்லார்?

இச்சொல்லை 'நிரந்தரமாக' எனத் தமிழாக்குதல் வழக்கு. அந்தரம் என்பது இடைவெளி. நிரந்தரம் என்பது இடையறாமை. இவ்விடையறாமையை அச்சட்டம் வேறாகவே கேட்டது. 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும். ஒருமுறை சென்று தங்கிய காலம் 12 மாதத்தை மிகாதாயின் அஃது இடையறவு ஆகாது. இடையறவுக்கு எண் உண்டு; வினையடைக்கோ எண் இல்லை.

ஒருவன் குடியமர்ந்த கருத்தை வினவுதல் ஆங்கிலச் சட்டமரபுக்குப் புதிதன்று என்பர். அது மெய்யே. எனினும் அளவில்லாத இடத்தில் ஊகம் புகும். இந்தியாவிலுள்ள உறவினர்க்கு அனுப்பிய பணமும் விண்ணப்பகாரரின் நிலையின்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கொட்டகலைத் தோட்டத்தில் ஒரு முதியவர் "ஊருக்குப் போய் வருகிறேன்" என்பாராயின், 'ஊர்' என்ற சொல்லைக் கேட்பவர் அவர் மனம் அக்கரையில் உள்ளது என முடிவு செய்யக்கூடும். 'வருகிறேன்' என்னும் முற்றையும் சேர்த்துக் கேட்பவரே அவர் இருப்பிடம் எது என அறிவர். அடையை நம்பி வினையை மறந்தால் விளையும் பிழை இதுவே.

1964 அக்டோபர் 30இல் செய்யப்பட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்து, எஞ்சியோரைப் பின்னைய முடிவுக்கு விட்டது. தலைமன்னார்க் கப்பலேறியவருள் இம்மண்ணிற் பிறந்து வேறு மண் காணாதாரும் பலர். குடியமர்ந்தோரே குடிபெயர்ந்தார், அவ்வினையடை அவர்க்குத் துணை நிற்கவில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தர வதிவாளராய் இருந்தாரையும் அவர் வழித்தோன்றல்களையும் பிரஜைகளாக ஏற்றது. இங்கே அதே சொல் பெயரடையாயிற்று. அதற்கு ஒரு தொடக்க நாளும் வாய்த்தது. எதிர்காலத்தை வினவாது, கழிந்த காலத்தை எண்ணியமையாற் சொல் நேர்மை பெற்றது.

சொல்லின்மேற் குற்றமில்லை, அளவு கூறாது அதனை ஆண்டாரிடமே குற்றம். ஆங்கிலம் பயிலும் மாணவர் வினையடையின் பொருளை அகராதியிற் கண்டு அமைதல் போதாது. அது யார்மேற் சுமத்தப்படுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.