கண்டியரசனும் ஓர் உடன்படிக்கையின் நடையும்

எஹெலபொலவின் மனைவியும் மக்களும் 1814இற் கொலையுண்ட கதையைப் படிப்பிக்கும்பொழுது வகுப்பறை அடங்கிவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அதன்பின் மாணவர் கேட்பதற்கு வினா எதுவும் எஞ்சுவதில்லை. அரசன் கொடியவன், ஆங்கிலேயர் வந்தனர், கொடுமை ஒழிந்தது. 1815இல் நிகழ்ந்த ஒரு படையெடுப்பு, இருநூறு ஆண்டுகள் கடந்தபின்னும் தன் நியாயத்தை நம் வாயாலேயே சொல்லுவித்துக் கொள்கிறதென்றால், அந்நியாயத்தை எழுதியோரின் எழுத்தை ஆராய்தல் தகும்.

கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட ஆங்கில நூல், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கொடுங்கோலனாகக் காட்டும் சித்திரத்திற் பெரும்பகுதி பிரித்தானியப் பிரசாரத்தின் ஆக்கமே என வாதிடுகிறது. அவர் துணிவை நாம் மதிக்கிறோம். ஆயினும் அந்நூலைத் தேடிச் செல்லுமுன், 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டியில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையையே ஓர் இலக்கியமாக எடுத்துப் படித்தல் வேண்டும்.

அதன் முதல் வாசகம் 'மலபார்' அரசனின் சித்திரவதைகளையும் விசாரணையற்ற கொலைகளையும் அடுக்குகிறது. இரண்டாம் வாசகம் அவனைப் பதவி நீக்குவதோடு நில்லாது, கண்டியின் மீது மலபார் இனத்தாருக்கிருந்த உரிமையனைத்தும் ஒழிந்ததெனச் சாற்றுகிறது. ஒருவன் செய்த கொடுமைக்கு ஓர் இனம் முழுவதும் உரிமை இழப்பது எங்ஙனம்? 1803இல் இதே பிரித்தானியர் கண்டிக்குட் புகுந்தபோது அரியணையில் இருத்திய முத்துசாமி யார்? முந்திய அரசனின் மைத்துனன், அவனும் நாயக்கனே. அன்று மலபார் இரத்தம் அவர்களுக்குக் கசக்கவில்லை. அப்படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது, முத்துசாமியும் உயிரிழந்தான்.

நான்காம் வாசகத்துக்கு வந்தால், அதுவரை பொங்கிய குரல் தணிந்து கணக்கப்பிள்ளையின் குரலாகிவிடுகிறது. ஆட்சி பிரித்தானிய முடிக்கு உரியதாகும். அதிகாரிகள், திசாவைகள் முதலிய பிரதானிகளின் பதவியுரிமைகள் காக்கப்படும். கொடுமைக்கு ஆளான குடியானவன் பெற்றது யாது? சித்திரவதை ஒழிப்பு என ஒரு வாசகம் உண்டு. அதனை நாம் சிறிதென்று தள்ளவில்லை. நிலத்தைப் பற்றியோ கட்டாய ஊழியத்தைப் பற்றியோ அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை.

ஜோன் டொயிலி 1810 முதல் 1815 வரை எழுதிய நாட்குறிப்பிலே கண்டியிலிருந்து ஒற்றர் கொணர்ந்த செய்திகள் நிறைந்து கிடக்கின்றன. வணிகர் பதின்மரின் அங்கங்களை அரசன் வெட்டுவித்தான், எழுவர் மாண்டனர் என்னும் செய்தி 1814இன் கடைசியில் எட்டியது. அது சாட்டாயிற்று. 1815 ஜனவரி 10இல் தேசாதிபதி பிரவுண்றிக் போர் அறிவித்தார். பெப்ரவரி 14இற் கண்டி வீழ்ந்தது. 18இல் அரசன் பிடிபட்டான். அவன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

இவ்வரசனைக் கடைசித் தமிழ் மன்னன் எனப் போற்றிப் புலம்பும் நம்மவர் சிலரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. கண்டி வாவி, இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் குடிகளைக் கொண்டு வெட்டுவிக்கப்பட்டது. அதன் அழகைப் பாடுவோர் மண் சுமந்தவர் முதுகை மறந்துவிடுகின்றனர். ஆனால் அதே இராஜகாரியத்தைக் கொண்டுதான் தேசாதிபதி பார்ன்ஸ் பின்னர் கொழும்பு–கண்டி வீதியைப் போடுவித்தார். 1832 வரை அம்முறை ஒழிக்கப்படவில்லை. மீட்க வந்தவர்கள் நுகத்தை இறக்கவில்லை. தம் வண்டியிற் பூட்டிக்கொண்டனர்.

மக்கள் இவ்வுடன்படிக்கையை எங்ஙனம் வாசித்தனர் என்பதை 1817 காட்டுகிறது. ஊவாவிற் கிளர்ச்சி மூண்டபோது அதன் தலைவனாக நின்றவன் வில்பாவே என்னும் முன்னாட் பிக்கு. அவன் தன்னை நாயக்கர் குலத்துத் துரைசாமி என்றே அறிவித்தான். இரண்டாண்டுகளுக்கு முன் எந்த இனத்தின் உரிமை ஒழிந்ததெனச் சாற்றப்பட்டதோ அவ்வினத்துப் பெயரின் கீழேயே சிங்களக் குடியானவர் திரண்டனர். கிராமங்கள் எரிக்கப்பட்டன; கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26இற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு ஐந்து நாள் முன் வெளியான புதிய பிரகடனம் பிரதானிகளின் சலுகைகளையும் வெட்டிக் குறைத்தது. ஆங்கிலேயரை அழைத்து வந்த எஹெலபொல 1825இல் மொரிசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கே இறந்தார்.