ஜெபக்குறிப்பும் சமையலறையும்

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், படுக்கையில் கிடக்கும் மாமியார், மீட்கவேண்டிய நகை, அலுவலகத்தில் பாதியில் நிற்கும் வேலை எல்லாம் ஒரே வாரத்தில் நெருக்கும்போது நம் சபைப் பெண்கள் சொல்வது ‘கர்த்தர் பார்த்துக்குவார்’ என்பதைத்தான். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற பேச்சு என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கண்மூடி நிற்கும் பெண் அதற்குப் பிறகு என்ன செய்கிறாள் என்று அவர்கள் பார்த்ததில்லை. அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

இந்த நம்பிக்கையின் பெரிய பலம், நாளையை இன்றிலிருந்து பிரித்துவைப்பது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்து ஜனங்களுக்கு மன்னா அன்றாடம்தான் கிடைத்தது. மறுநாளுக்கென்று சிலர் எடுத்துவைத்தது புழுத்துப்போயிற்று. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமும் ஆகாரம் கேட்கும்போது அன்றைக்கானதை மட்டுமே கேட்கிறது. மலைத்துப்போன மனம் ஒரே வேலையை இரண்டு தடவை செய்கிறது: நடுராத்திரி மனதுக்குள் ஒரு தடவை, விடிந்தபின் கையால் ஒரு தடவை. விசுவாசம் அந்த முதல் தடவையைக் குறைக்கிறது. குறைந்த தூக்கமும் நல்ல தூக்கமாகிறது.

அடுத்த பலம் ராத்திரி குடும்ப ஜெபத்தில் இருக்கிறது. சாப்பிடும்போது கடனைப் பற்றி வாயே திறக்காத அப்பா, பாயில் முழங்கால் போட்டதும் ‘இந்த மாசத் தவணைக்கு ஒரு வழி காட்டும் ஆண்டவரே’ என்கிறார். வீட்டாருக்கு விஷயம் தெரிவதே அப்போதுதான். மகன் சுற்றுலாவுக்குக் கேட்க நினைத்த பணத்தைக் கேட்காமல் விடுகிறான். யார்மேலும் குற்றம் சாட்டாமல், யாருக்கும் தலைகுனிவு இல்லாமல், மூடிவைத்த ஒரு பாரம் வீட்டுக்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. இதைச் சாதிக்கும் வேறொரு ஏற்பாடு நம் வீடுகளில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குறை தொடங்குவது அந்தப் பாரம் சபைக்கு வந்தபின். அங்கே அது ஜெபக்குறிப்பாகிறது, நோட்டில் ஏறுகிறது, ‘சகோதரிக்குப் பெலன் தாரும்’ என்று எல்லாரும் உருக்கமாக வேண்டுகிறார்கள். பிறகு கலைந்துபோகிறார்கள். பெலன் கேட்டவள் அதே வீட்டுக்கு, அதே வேலைக்குத் திரும்புகிறாள். சாட்சி சொல்ல முன்னால் வருகிறவர்களோ பாரம் நீங்கியவர்கள் மட்டுமே. நீங்காதவள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன் விசுவாசம் போதவில்லை என்று அவள் முடிவுகட்டினால் அந்தத் தவறு அவளுடையதல்ல, அப்படிக் கட்டிவைத்த கூட்டத்தினுடையது.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதற்கு மாறான ஒன்றைப் பார்த்தேன். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண் வழக்கம்போல் பெலனுக்காகக் கேட்டாள். ஜெபம் முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு பெரியம்மா அவளருகே வந்து, “ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிய?” என்று கேட்டார். “நாலஞ்சு தடவ, பெரிம்ம.” “செவ்வாயும் வியாழனும் நா வந்து படுத்துக்கிடுதேன். நீங்க அடுத்த ரூம்ல கதவச் சாத்திட்டு ஒறங்குங்க.” அவ்வளவுதான் பேச்சு. அதுவரை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. ஜெபத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. அதன் மீதிப் பாதியைச் செய்தார்.

வேதமும் இந்த மீதிப் பாதியை விட்டுவிடவில்லை. காலைமுதல் மாலைவரை ஜனங்களின் வழக்குகளைத் தனியாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து அவன் மாமன் எத்திரோ சொன்னது, இன்னும் அதிகமாக ஜெபி என்பதல்ல. ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைத்து வேலையைப் பிரித்துக்கொடுக்கச் சொன்னார். சாகவேண்டும் என்று கேட்டுச் செடியடியில் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது கண்டிப்பு அல்ல. அடையும் தண்ணீரும் தூக்கமும், மறுபடி ஒரு அடையும். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, வாழ்க்கையே வேண்டாம் என்று புலம்பும் பெண்ணிடம் ‘இன்னும் விசுவாசி’ என்று மட்டும் சொல்லும் போதகர்கள் இந்த அதிகாரத்தை நின்று வாசிக்கவேண்டும். அவளை மருத்துவரிடம் அழைத்துப்போவதும் அந்த அடையைக் கொடுப்பதுதான்.

சமையலறையிலும் கடவுளோடு இருக்கலாம் என்பதற்குப் பிரசங்கங்களில் சகோதரர் லாரன்சைக் காட்டுவார்கள். 1640இல் பாரிஸ் கர்மேல் மடத்தில் சேர்ந்தவர். தனக்குப் பிடிக்காத அடுக்களை வேலையைப் பல ஆண்டுகள் ஜெபமாகவே செய்தவர். அவர் கண்டடைந்தது உண்மை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்குப் பிள்ளை இல்லை, தவணை இல்லை, நோயில் படுத்தால் மடம் பார்த்துக்கொண்டது. அந்தப் பின்புலத்தைச் சொல்லாமல் அவரை ஒரு குடும்பத்தலைவிக்கு முன்மாதிரியாக வைப்பது நியாயமில்லை. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: சமையல் பணி வாரமுறையில் சகோதரர்களுக்குள் மாறும், பலவீனருக்கு உதவியாள் தரப்படும். ஜெபம் அங்கே செழிக்கக் காரணம் பக்தி மட்டுமல்ல, பாத்திரம் கழுவும் முறையும்தான்.

நம் வீடுகளின் ஞாயிற்றுக்கிழமையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓய்வுநாள் கட்டளை மகன், மகள், வேலைக்காரர், மாடு, அந்நியர் என்று வரிசையாகச் சொல்கிறது. மனைவியைத் தனியாகக் குறிப்பிடவில்லை. குடும்பத்தலைவனோடு அவளும் சேர்த்தி என்றே விளக்கம் சொல்வார்கள். அப்படியானால் ஆராதனைக்கு முன்பே எழுந்து மசாலா அரைத்து, பிள்ளைகளின் உடுப்பைத் தேய்த்து, கோயிலிலிருந்து வந்ததும் கறிக்குழம்பு வைத்து, எல்லாரும் படுத்தபின் பாத்திரம் கழுவுகிறவள் எந்தக் கணக்கில் சேர்த்தி? அன்றுதான் அவளுக்கு வாரத்திலேயே அதிக வேலை. இதைத் திருத்த சபையில் தீர்மானம் போடவேண்டியதில்லை. சாப்பிட்டு எழும் ஆண்கள் தட்டுகளோடு சட்டியையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகலாம். ஜெபக்குறிப்பு நோட்டு வைத்திருப்பவர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்த வாரம் அந்த வீட்டுக்கு யார் போவது என்றும் எழுதிவைக்கலாம்.