களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி காணக்கூடிய பொருள்களுள் ஒன்று மூலக்கூறு மாதிரி. களிமண் உருண்டை அணுவாகும், ஈர்க்குச்சி பிணைப்பாகும். செலவு குறைவு, செய்வதும் எளிது. ஆனால் இம்மாதிரி எதைச் சரியாகச் சொல்கிறது, எதைத் திரித்துச் சொல்கிறது என்று கேட்பவர் சிலரே. நாம் கேட்டுப் பார்ப்போம்.

வழக்கம் புதிதன்று. 1865-இல் லண்டனில் ஹாஃப்மன் என்ற வேதியியலறிஞர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளில் குச்சிகளைச் செருகி மூலக்கூறுகளைச் செய்து காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு என்ற வண்ண வழக்கம் அவரிடமிருந்தே வந்தது. ஆனால் அவருடைய மீதேன் தட்டையானது. நான்கு ஹைட்ரஜன்களும் ஒரே தளத்தில் சிலுவைபோல் நின்றன. பாடநூல் படத்தைப் பார்த்துச் செய்யும் மாணவரின் மீதேனும் அப்படியே நின்றுவிடுகிறது.

இது வெறும் அழகுக் குறை அன்று. மீதேனில் இரண்டு ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டு இரண்டு குளோரின்களை வையுங்கள். தட்டை மாதிரியில் அவற்றை அடுத்தடுத்தும் வைக்கலாம், எதிரெதிராகவும் வைக்கலாம். அப்படியானால் டைகுளோரோமீதேன் இரண்டு வகையாக இருக்கவேண்டும். ஆய்வகத்தில் கிடைப்பதோ ஒன்றே ஒன்று! கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன என்று 1874-இல் வாண்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே கூறினர். நான்முகியில் எந்த இரண்டு முனைகளை எடுத்தாலும் அவை அடுத்தடுத்தவையே. ஆகவே ஒரே வகைதான். வாண்ட் ஹாஃப் அட்டையில் சிறு நான்முகிகள் செய்து பிற அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார்.

நான்முகி செய்யக் கோணமானி தேவையில்லை. ஒரே அளவாக ஊதிய நான்கு பலூன்களின் கழுத்துகளைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, ஏறத்தாழ 109.5 பாகைக் கோணத்தில் அவை தாமே நின்றுகொள்ளும். எலெக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று விலக்குவதால் மூலக்கூறு வடிவம் பெறுகிறது என்று 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் விளக்கியது இதைத்தான். பலூன்கள் தொட்டுத் தள்ளுகின்றன. எலெக்ட்ரான்கள் விலக்கும் முறை வேறு. ஆயினும் நம் கருத்தில் பலூனே மேல். குச்சி வடிவத்தை மட்டும் காட்டுகிறது. பலூன் காரணத்தைக் காட்டுகிறது. இரண்டு பலூன்களைச் சற்றுப் பெரிதாக ஊதினால் மற்ற இரண்டும் நெருங்கிவிடும். நீர் மூலக்கூறில் கோணம் 104.5 பாகையாகச் சுருங்குவது ஏன் என்பது அப்போது விளங்கும். (ஒன்று வெடித்தால் கண்காட்சியில் கூட்டம் தானே சேரும்!)

ஈர்க்குச்சிக்கும் ஒரு சிறப்பு உண்டு. ஒற்றைக் குச்சியைச் சுற்றி உருண்டையைத் திருப்பலாம். இரண்டு குச்சிகள் செருகினால் திருப்ப முடியாது. இரட்டைப் பிணைப்பின் இயல்பும் அதுவே. ஆனால் எல்லாக் குச்சிகளையும் ஒரே நீளத்தில் வெட்டுவது தவறு. கார்பன் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஈத்தேனில் 0.154 நானோமீட்டர், எத்திலீனில் 0.134 நானோமீட்டர். மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து, ஈத்தேனுக்கு 15 சென்டிமீட்டர் வைத்தால் எத்திலீனுக்கு 13 போதும். கார்பன் - ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பத்தரை.