இலக்கங்களும் துல்லியமும்: எண்முறை மின்னழுத்தமானிகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூரைச் சூழ்ந்த தொழிற்பகுதி, கைப்பேசி, மின்னணுப் பொருள்கள், வாகன உதிரிபாகங்கள் ஆகியவற்றின் உற்பத்தியால் அறியப்படுவது. இத்தகைய உற்பத்தியில் ஒரு மின்கலத்தை ஏற்பதா தள்ளுவதா என்பதை மின்னழுத்த அளவீடு முடிவு செய்கிறது. திரையில் இலக்கங்கள் மிகுந்த கருவியே துல்லியமானது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்து பிழையானது என்பதையும், சொல்லாட்சியும் அதற்கு ஒரு காரணம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சொல்லும் பொருளும்

அளவீடு உண்மை மதிப்பை எவ்வளவு நெருங்குகிறது என்பது துல்லியத்தன்மை. மீண்டும் மீண்டும் அளக்கும்போது அளவீடுகள் தமக்குள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பது நுட்பம். கருவி காட்டக்கூடிய மிகச்சிறிய வேறுபாடு பகுதிறன். பொதுவழக்கில் இம்மூன்றும் ‘துல்லியம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இலக்கங்களைக் கூட்டுவதால் உறுதியாக உயர்வது பகுதிறன் மட்டுமே.

கணக்கீடு

1999 வரை காட்டும் மூன்றரை இலக்க மல்டிமீட்டர் ஒன்றைச் சான்றாகக் கொள்ளலாம். 20 வோல்ட் நெடுக்கத்தில் அதன் பகுதிறன் 10 மில்லிவோல்ட். விவரக்குறிப்பு ±(0.5% + 2 இலக்கம்) எனில், 4.20 வோல்ட் உள்ள லித்தியம் அயனி மின்கலத்தை அளக்கையில் விழுக்காட்டுப் பிழை 21, இலக்கப் பிழை 20, ஆக 41 மில்லிவோல்ட் வரை பிழை நேரலாம். மின்கலத்துக்கு அனுமதிக்கப்பட்ட வேறுபாடு ±50 மில்லிவோல்ட் எனின், நான்குக்கு ஒன்று என்னும் அளவியல் நெறிப்படி கருவியின் பிழை 12.5 மில்லிவோல்ட்டை மிகலாகாது. விழுக்காட்டை மாற்றாமல் நான்கரை இலக்கமாக்கினாலும் பிழை 23 மில்லிவோல்ட்டாகவே நிற்கும். விழுக்காடு 0.05 ஆகக் குறைந்தால்தான் அது 4.1 மில்லிவோல்ட்டாகும்.

வடிவமைப்பு

விழுக்காட்டுப் பிழை பெரும்பாலும் கருவியினுள் உள்ள ஒப்பீட்டு மின்னழுத்தத்தாலும் மின்தடையாக்கிகளாலும் விளைவது. இருசரிவு முறையில் மின்தேக்கி, கடிகாரத் துடிப்பு ஆகியவற்றின் மெதுவான மாற்றங்கள் தாமே நீங்கிவிடும். ஒப்பீட்டு மின்னழுத்தத்தின் மாற்றம் நீங்காது. தொகையீட்டுக் காலமும் கருதத்தக்கது. 60 ஹெர்ட்ஸ் மின்வழங்கலுக்கென 16.67 மில்லிநொடியில் அமைந்த கருவி, இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை முற்றிலும் நீக்காது. அதற்கு 20 மில்லிநொடி தேவை. 100 மில்லிநொடியில் முன்னதன் ஆறு சுற்றுகளும் பின்னதன் ஐந்து சுற்றுகளும் முழுமையாக அடங்குவதால் இரண்டும் நீங்கும். திரையின் இலக்கங்கள் இவற்றில் எதையும் உணர்த்துவதில்லை.

முடிவுரை

ஒப்பீட்டு மின்னழுத்தம் காலப்போக்கில் நகர்வதால் காலிபரேஷன் எனப்படும் அளவுத்திருத்தம் இன்றியமையாதது. இந்தியாவில் அதன் சங்கிலி, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஜோசப்சன் மின்னழுத்தத் தரம்வரை செல்ல வேண்டும். அச்சங்கிலி அறுந்த கருவியின் கடைசி இலக்கங்கள் வெறும் தோற்றமே. நல்ல மின்கலம் கழிவாவதும் பழுதான மின்கலம் பயனர் கைக்குச் செல்வதும் இதன் விளைவுகள்; பழியோ சோதனை மேசையில் உள்ள தொழிலாளர்மீது விழக்கூடும். ஆகவே தமிழில் எழுதப்படும் பயிற்சிக் கையேடுகள் துல்லியத்தன்மையையும் பகுதிறனையும் தனித்தனிச் சொற்களால் வழங்குவது நடைமுறைத் தேவையாகும்.